கூண்டின் இருபுறமும்: வன்கொடுமை வழக்குகளில் ஒரு வழக்கறிஞரின் பணி எது?

2025 ஏப்ரல் 28 அன்று, கண்ணகி - முருகேசன் படுகொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களின் மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முருகேசனின் குடும்பத்தினருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. 2003 ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் காதிலும் மூக்கிலும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்ட அந்த இளம் தம்பதியருக்கான நீதி, இறுதி வடிவம் பெற ஏறத்தாழ 22 ஆண்டுகள் பிடித்தன. இந்தக் கால நீட்சி குறித்து அப்போது நிறையவே எழுதப்பட்டது. அதே வழக்கில் அடங்கியிருந்த மற்றொரு செய்தி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கூண்டில் நின்றவர்கள் 15 பேர். அவர்களில் 13 பேர் தண்டிக்கப்பட்டனர். ஒருவருக்கு மரண தண்டனை, 12 பேருக்கு ஆயுள் தண்டனை. எஞ்சிய இருவர் விடுவிக்கப்பட்டனர். அந்த இருவரும் கொல்லப்பட்ட முருகேசனின் சொந்த உறவினர்கள், தலித்துகள்.

இது எவ்வாறு நேர்ந்தது? முருகேசன் தலித், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர் சமூகத்தைச் சேர்ந்தவர். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டதை அறிந்த பெண்ணின் குடும்பத்தினர் இருவரையும் கொன்று எரித்தனர். காவல்துறை உடனடியாக வழக்குப் பதியவில்லை. நாட்கள் கடந்து, செய்தி வெளியுலகுக்குத் தெரிந்த பின்னர் பதியப்பட்ட முதல் தகவல் அறிக்கை, இரு குடும்பத்தாரும் தத்தம் பிள்ளைகளைக் கொன்றதாக ஒரு கதையை எழுதிக்கொண்டது. அதன்படி முருகேசனின் தந்தையும் உறவினர்களும் கைது செய்யப்பட்டனர். மகனைப் பறிகொடுத்தவர் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவராக ஆனார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறிய பிறகும் உறவினர் இருவரின் பெயர்கள் குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் நீடித்தன. 2003 முதல் 2021 வரை, 18 ஆண்டுகள், அவர்கள் அந்தச் சுமையைச் சுமந்தனர்.

குடிமை உரிமை வழக்கறிஞர், குற்றவியல் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்று இரு வெவ்வேறு தொழில்களைப் போல நாம் பேசுகிறோம். முன்னவர் உரிமை பறிக்கப்பட்டவருக்காக வாதாடுபவர். பின்னவர் குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பவர். சாதிய வன்கொடுமை வழக்குகளில் இந்தப் பிரிவினை நிலைப்பதில்லை. உரிமை பறிக்கப்பட்டவரே பல வேளைகளில் குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருக்கிறார். அவருக்காக நிற்கும் வழக்கறிஞர் காலையில் பாதிக்கப்பட்டவர் தரப்பிலும் மாலையில் எதிரித் தரப்பிலும் பேச வேண்டியிருக்கிறது. இப்பணியின் பெரும்பகுதி தீர்ப்பு நாளன்று நடப்பதும் இல்லை. வழக்கு நீதிமன்றத்தை அடைவதற்கு முன்பும், தீர்ப்பு வெளிவந்து அனைவரும் கலைந்து சென்ற பின்பும் நடப்பதே அதில் மிகுதி. சட்டம் பயிலும் மாணவர்களும் களப்பணியாளர்களும் இதை நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

முதலில், அப்படி ஒரு வழக்கறிஞருக்கு இடமே இல்லாதிருந்த காலம். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குக் கீழமை நீதிமன்றம் 10 ஆண்டு தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதே இரவில் நிலவுடைமையாளர் தரப்பில் ஒருவர் இறந்தது தொடர்பாகத் தொழிலாளர்கள் மீது தனியாக ஒரு வழக்கு நடந்தது. அதில் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டனர். இரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அன்றைய நிலை விளங்கும். எரிக்கப்பட்டோரின் வழக்கு முழுமையாக அரசின் கையில் இருந்தது. அரசு வழக்கறிஞர் எவ்வாறு நடத்துகிறாரோ அவ்வாறுதான் அது நடக்கும். உற்றாரை இழந்தவர்களுக்கு அந்த நீதிமன்றத்தில் சாட்சி என்ற அளவில் மட்டுமே இருப்பு. தமக்கென வாதாடும் குரல் இல்லை.

1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995-ஆம் ஆண்டின் விதிகளும் இந்நிலையில் ஒரு கதவைத் திறந்தன. அந்தக் கதவு வழியே நுழைந்தவர்களில் ஒருவர் மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம்.

மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களுக்கும் வாக்குச்சாவடிக் கைப்பற்றலுக்கும் பிறகு முருகேசன் தலைவரானார். (கண்ணகியின் கணவர் முருகேசனும் இவரும் வேறு வேறு ஆட்கள், ஒரே பெயர் இரு பெரும் வழக்குகளில் வந்து நிற்பது நமது வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.) 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்றுவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது பேருந்து மறிக்கப்பட்டது. முருகேசனுடன் சேர்த்து 6 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவரது தலை துண்டிக்கப்பட்டது.

பட்டப்பகலில், பேருந்துப் பயணிகளின் கண்முன் நடந்த கொலை என்பதால் வழக்கு எளிது என்று தோன்றலாம். நிலைமை நேர்மாறானது. சாட்சிகள் அதே ஊரில், குற்றம் சாட்டப்பட்டவர்களின் நிலங்களை ஒட்டி, அவர்களது தெருவைக் கடந்து வாழ வேண்டியவர்கள். ஆதலால் இத்தகைய வழக்கில் முதன்மையான சட்டப் போராட்டம் "இவர்கள் கொன்றார்களா?" என்பதைப் பற்றியதாக இருப்பதில்லை. விசாரணை எந்த ஊரில் நடக்கும், அரசுத் தரப்பில் யார் நிற்பார், எதிரிகளுக்குப் பிணை கிடைக்குமா என்பவை முதலில் முடிவாக வேண்டும். மேலவளவு வழக்கு மதுரையில் நடக்கவில்லை. சேலம் அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. சாட்சிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது. எனினும் எதிரிகளின் ஆட்கள் நிறைந்த நீதிமன்ற வளாகத்தில் நின்று பேச வேண்டியதில்லை. 2001 ஜூலை 26 அன்று 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 23 பேர் விடுவிக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் 2006-இலும் உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரிலும் தண்டனையை உறுதி செய்தன. இந்த நெடும்பயணத்தில் பாதிக்கப்பட்டோர் பக்கம் தொடர்ந்து நின்ற வழக்கறிஞர் இரத்தினம். பின்னாளில் கண்ணகி - முருகேசன் வழக்கிலும் முருகேசன் குடும்பத்தார் சார்பில் அவரே நின்றார்.

நீதிமன்றப் பதிவேட்டில் இந்த உழைப்பு அரசுத் தரப்பின் வெற்றியாகவே பதியும். நாளிதழ்களில் தீர்ப்பளித்த நீதிபதியின் பெயர் வரும். அரசு வழக்கறிஞரின் பெயரும் சில வேளைகளில் வரும். பாதிக்கப்பட்டோர் தரப்பு வழக்கறிஞர் மனுத் தாக்கல் செய்தவராகவும், அரசுத் தரப்புக்கு உதவியவராகவும் ஓரிரு வரிகளில் கடந்துபோவார். திரைப்படங்கள் நமக்குப் பழக்கியிருக்கும் வழக்கறிஞர் உருவம் வேறு. 1993-இல் காவல் சித்திரவதையில் இறந்த இராசாக்கண்ணுவின் வழக்கை நடத்திய கே. சந்துருவை 'ஜெய் பீம்' வழியாக அறிந்த தலைமுறை, ஆட்கொணர்வு மனுவையும் அனல் பறக்கும் குறுக்கு விசாரணையையும் உரிமை வழக்கறிஞரின் அடையாளமாகக் கொள்கிறது. அவை உண்மையே. ஆனால் அவற்றுக்கு முன்பும் பின்பும் காத்திருப்பும் நகல் மனுக்களும் வாய்தாக்களும் நிறைந்த ஆண்டுகள் இருக்கின்றன.

அந்த ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்பதை அருகிலுள்ள ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். காஞ்சிபுரம் செவிலிமேட்டில், கூலிக்குப் பட்டு நெய்யும் தலித் தொழிலாளி ஒருவர் நிலுவைக் கூலியைக் கேட்கச் செல்கிறார், தறி முதலாளியும் அவரது ஆட்களும் சாதிப் பெயரைச் சொல்லி ஏசி அவரை அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனையான எடுத்துக்காட்டு. இதன் ஒவ்வொரு படியும் நடைமுறையில் காணக்கூடியது.

அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குச் செல்கிறார். அங்கே பதிவேட்டில் எழுதப்படும் வாசகமே வழக்கின் முதல் ஆவணம். "தெரிந்த நபர்கள் தாக்கியதாக" என்று எழுதப்படுவதும், "கீழே விழுந்ததாக" என்று எழுதப்படுவதும் மூன்றாண்டு கழித்து நடக்கும் குறுக்கு விசாரணையில் வழக்கின் போக்கையே தீர்மானிக்கும். அடுத்தது புகார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்கள் என்பதை "தகாத வார்த்தைகளால் திட்டினர்" என்று நாகரிகம் கருதிச் சுருக்கிவிட்டால் வன்கொடுமைச் சட்டப் பிரிவுக்கு அடிப்படையே இல்லாமல் போகும். சொன்ன சொல் அப்படியே புகாரில் இருக்க வேண்டும். எங்கே நின்று சொன்னார்கள் என்பதும் இருக்க வேண்டும். சாதி சொல்லி இழிவுபடுத்தும் குற்றம் பொதுமக்களின் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது சட்டம். நான்கு சுவர்களுக்குள், பிறர் எவரும் இல்லாத இடத்தில் நடந்தது இப்பிரிவில் வராது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தறிக்கூடத்துக்குள் நடந்ததா, வாசலில் நடந்ததா, அக்கம்பக்கத்தார் யார் கேட்டனர் என்பதை முதல் நாளே எழுதாத புகார், பின்னர் எவ்வளவு திறமையான வழக்கறிஞர் வந்தாலும் தேறுவது கடினம்.

அடுத்த நாள், பெரும்பாலும் அன்று மாலையே, எதிர்ப்புகார் வந்து சேரும். தறியிலிருந்த பாவை அறுத்துவிட்டார், ஜரிகையைத் திருடினார், முதலாளியின் வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தார். ஏதேனும் ஒன்று. இப்போது காவல் நிலையத்தில் இரண்டு வழக்குகள் உள்ளன. முதல் வழக்கை, விதி 7-இன்படி, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் விசாரித்து 60 நாட்களில் முடிக்க வேண்டும். இரண்டாவதற்கு அந்தத் தடை எதுவும் இல்லை; உதவி ஆய்வாளரே கைது செய்துவிடலாம். ஆக, அடிபட்டவர் சிறைக்கு முதலில் போவது வியப்புக்குரியதன்று. அதன் பிறகு பேரம் தொடங்குகிறது: "நீ அந்த வழக்கை விடு, நாங்கள் இந்த வழக்கை விடுகிறோம்." வழக்குகள் இறந்துபோகும் இடம் இதுவே, நீதிமன்ற வாயிலை அவை எட்டுவதற்கு முன்பே.

இங்கேதான் குற்றவியல் எதிர்த்தரப்புப் பணி குடிமை உரிமைப் பணியாகிறது. எதிர்வழக்கில் அத்தொழிலாளிக்கு விரைந்து பிணை பெறுவதும், அந்தப் பொய்யை விசாரணையில் உடைப்பதும், முதல் வழக்கைக் காப்பாற்றும் செயல்கள். திருட்டு வழக்கில் நெசவாளிக்காக வாதாட ஆள் இல்லையென்றால் வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லவும் ஆள் இருக்காது. உரிமை அமைப்புகள் முதல் வழக்குக்குக் காட்டும் ஆர்வத்தை இரண்டாவதற்குக் காட்டுவதில்லை என்பது என் மதிப்பீடு. முதலாவதில் செய்தி உண்டு; இரண்டாவதில் அலைச்சல் மட்டுமே உண்டு.

சட்டம் தரும் கருவிகளைப் பார்ப்போம். 2015-இல் நிறைவேறி 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பிரிவு 15அ என்ற புதிய பகுதியைச் சேர்த்தது. பிணை மனு உள்ளிட்ட எந்த நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் அறிவிப்பு தரப்பட வேண்டும். பிணை, குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பு, விடுதலை, பரோல், தண்டனை ஆகியவை தொடர்பான நடவடிக்கைகளில் அவர் தம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. எழுத்து வடிவிலும் தரலாம். நடவடிக்கைகள் காணொளியில் பதிவு செய்யப்பட வேண்டும். ஹரிராம் பம்பி வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இந்த அறிவிப்பு கட்டாயமானது என்று கூறி, பாதிக்கப்பட்டோரைக் கேளாமல் வழங்கப்பட்ட பிணை செல்லாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. வெண்மணியில் வெறும் சாட்சியாக நின்றவர் இப்போது சட்டத்தின் பார்வையில் ஒரு தரப்பு. ஆனால் அறிவிப்புத் தாள் கையில் கிடைத்ததும் பிணை விசாரணை நடக்கும் நாளில் நீதிமன்றத்துக்கு வந்து எழுந்து நிற்க ஒரு வழக்கறிஞர் வேண்டும். அவர் இல்லையென்றால் 15அ வெறும் அஞ்சலாக முடியும்.

மற்றொரு கருவி விதி 4(5). பாதிக்கப்பட்டவர் விரும்பினால், சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கை நடத்தத் தகுதிவாய்ந்த மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் அமர்த்தலாம். கட்டணத்தை அரசு தர வேண்டும். அரசு வழக்கறிஞரைப் பாதிக்கப்பட்டவரே கோரிப் பெறலாம் என்ற இந்த ஏற்பாட்டின் மதிப்பைக் கோகுல்ராஜ் வழக்கில் கண்டோம்.

பொறியியல் பட்டதாரியான கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தம் தோழியுடன் சென்றார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தொடர்வண்டிப் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட நிலையில் அவரது உடல் கிடைத்தது. தற்கொலை என்று தோன்றும்படி ஒரு கடிதமும் காணொளியும் இருந்தன. தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் யுவராஜ் முதன்மைக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டு, மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்துகொண்டே ஒலிப்பதிவுகளை வெளியிட்டுவந்தார். வழக்கை விசாரித்த துணைக் கண்காணிப்பாளர் விஷ்ணுபிரியா அவ்வாண்டு செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டார். நாமக்கல்லில் விசாரணை தொடங்கியபோது முதன்மைச் சாட்சியான தோழியே பிறழ் சாட்சியானார். வழக்கு முடிந்துவிட்டது என்று பலரும் கருதிய கட்டம் அது.

கோகுல்ராஜின் தாயார் ஓயவில்லை. அவரது மனுவின் பேரில் 2019-இல் வழக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. சிறப்பு அரசு வழக்கறிஞராகப் பவானியைச் சேர்ந்த ப.பா. மோகன் வழக்கை நடத்தினார். குற்றவியல் வழக்குகளில் நீண்ட அனுபவம் கொண்டவர் அவர். எதிர்த்தரப்பில் நின்று பழகிய வழக்கறிஞருக்கு அரசுத் தரப்பு வழக்கு எந்தெந்த மூட்டில் கழலும் என்பது தெரியும். சாட்சிச் சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமானது, மின்னணுச் சான்றுக்குரிய 65ஆ சான்றிதழ் எங்கே குறைபடும், எந்தச் சாட்சியின் எந்தச் சொல்லை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் என்பவற்றை அவர் முன்கூட்டியே காண்பார். கண்ணால் கண்ட சாட்சி கைவிட்டுப் போன வழக்கில் இந்த அறிவுதான் முதலீடு. கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு, கடைசியாக யாருடன் காணப்பட்டார் என்ற சான்று, யுவராஜ் தாமே ஊடகங்களில் பேசிய பேச்சு ஆகிய சூழ்நிலைச் சான்றுகளின் மீது வழக்கு எழுப்பப்பட்டது. 2022 மார்ச்சில் 10 பேர் தண்டிக்கப்பட்டனர். 5 பேர் விடுவிக்கப்பட்டனர். யுவராஜுக்கு மூன்று ஆயுள் தண்டனைகள்.

மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் ஆகியோர் பிறழ் சாட்சியான தோழியை மீண்டும் அழைத்து விசாரித்தனர். கேமராப் பதிவில் தெரியும் பெண் தாம் அல்ல என்று அவர் கூறினார். அவர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கப்பட்டது. நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் சென்று கேமரா பொருத்தப்பட்ட இடங்களைப் பார்வையிட்டனர். 2023 ஜூன் 2 அன்று தண்டனை உறுதியானது. இருவருக்கு மட்டும் 5 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அந்தத் தோழியைத் துரோகி என்று ஏசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தம் குடும்பத்துக்குள்ளும் தம் சாதிக்குள்ளும் தொடர்ந்து வாழ வேண்டிய இளம் பெண் ஒருவரின் துணிவை மட்டும் நம்பி வழக்கை நிறுத்துவது வழக்காடும் முறையே அன்று. சாட்சி பிறழ்வார் என்று எண்ணியே வழக்கைக் கட்ட வேண்டும். மதுரையில் நடந்தது அதுதான்.

இனி, மாணவர்கள் அடிக்கடி எழுப்பும் ஒரு கேள்விக்கு வருவோம். வன்கொடுமைச் சட்டத்தின் பிரிவு 18 முன்பிணையை மறுக்கிறது. 2018 மார்ச்சில் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தளர்த்தியபோது நாடெங்கும் தலித்துகள் தெருவில் இறங்கினர். நாடாளுமன்றம் பிரிவு 18அ-வைக் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அப்படியானால், பிணை மறுப்பை இங்கே ஆதரிக்கும் ஒருவர், உபா போன்ற சட்டங்களில் பிணை மறுக்கப்படும்போது எதிர்ப்பது முரணாகாதா? குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகளை ஓர் அவையில் உயர்த்திப் பிடித்து, மற்றோர் அவையில் குறைத்துக் கேட்பது எவ்வாறு?

கேள்வி நியாயமானது; எளிதில் தள்ளிவிடக் கூடாது. முன்பிணை மறுப்பு, விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைத்துவைப்பதற்கான உரிமம் அல்ல. வன்கொடுமை வழக்கில் கைதானவர் வழக்கமான பிணையைக் கேட்கலாம், பெறுகிறார், பெரும்பாலும் விரைவிலேயே. கைதுக்கும் பிணைக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களே சாட்சிகள் மிரட்டப்படாமல் வாக்குமூலம் தரக் கிடைக்கும் இடைவெளி. ஆண்டுகள் கடந்தும் பிணை கிடைக்காத, விசாரணையே தண்டனையாகும் சட்டங்களோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது. அதே வேளையில், வன்கொடுமை வழக்கின் எதிரிக்கும் நேர்மையான விசாரணை வேண்டும் என்பதில் நமக்குத் தயக்கம் இருக்கலாகாது. அது பெருந்தன்மையால் அல்ல. நாட்டின் சிறைகளில் விசாரணைக் கைதிகளாக இருப்பவர்களில் ஏறத்தாழ 5-இல் ஒருவர் பட்டியல் சாதியினர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் அவர்களது பங்கு 16.6 விழுக்காடு. எதிரிக் கூண்டின் பாதுகாப்புகள் தளர்ந்தால் முதலில் அடிபடுவது யார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. புதுக்கூரைப்பேட்டையின் அந்த இரு உறவினர்களை விடுவித்ததும், சான்று இல்லாமல் எவரையும் தண்டிக்கக் கூடாது என்ற அதே கோட்பாடுதான்.

அம்பேத்கரின் வழக்கறிஞர் வாழ்க்கை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 1923-இல் பம்பாயில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட அவர், 1927-இல் அரசெதிர்ப்புக் குற்றம் சாட்டப்பட்ட ஆங்கிலேயப் பொதுவுடைமையாளர் பிலிப் ஸ்பிராட்டுக்காக வாதாடி விடுதலை பெற்றுத் தந்தார். 1934-இல் பாலியல் கல்வி பேசிய இதழுக்காக ஆபாச வழக்கைச் சந்தித்த ரகுநாத் கார்வேக்காக வாதாடினார். இவை எதிர்த்தரப்பு வழக்குகள். மகாடு சவுதார் குளத்தின் வழக்கிலோ அவரே எதிர்வாதி. குளத்தில் நீர் எடுக்கத் தலித்துகளுக்கு உரிமை இல்லை என்று சாதி இந்துக்கள் அவர் மீது வழக்குத் தொடுத்து, 1927 டிசம்பரில் இடைக்காலத் தடையும் பெற்றனர். ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த மாநாட்டில் அத்தடையை மீற வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இறுதி வெற்றி கிடைத்தது 1937 மார்ச் 17 அன்று. ஒரு குளத்து நீருக்குப் பத்தாண்டுகள்.

பொருளாதாரம் குறித்தும் சொல்ல வேண்டும். இதைப் பேசுவதில் நம்மிடையே தேவையற்ற கூச்சம் நிலவுகிறது. பாதிக்கப்பட்டோர் தரப்பு வழக்கறிஞருக்குக் கட்டணம் தரும் நிலையில் அக்குடும்பங்கள் இருப்பதில்லை. வாய்தாக்கள் பத்தாண்டு, இருபதாண்டு நீளும். கூலி வேலைக்குச் செல்லும் சாட்சி ஒருவர் விசாரணை நாளன்று ஒரு நாள் வருமானத்தை இழக்கிறார். விதிகளின்படி அவருக்குப் பயணச் செலவும் படியும் வழங்கப்பட வேண்டும், கேட்டுப் பெறுவோர் குறைவு. விதி 4(5)-இன் கீழ் அமர்த்தப்படும் வழக்கறிஞரின் கட்டணத்தை ஆட்சியர் நிர்ணயிக்கலாம் என்று சட்டம் சொல்வதால், அது எவ்வளவு, எப்போது என்பது ஆட்சியரைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஓய்வறியாத தியாகிகளாக இவ்வழக்கறிஞர்களைப் போற்றுவது எளிது. அந்தப் போற்றுதல், அரசு தர வேண்டிய கட்டணத்தை அரசிடம் கேட்காதிருப்பதற்கான சாக்காகிவிடக் கூடாது.

தீர்ப்புக்குப் பிறகும் பணி முடிவதில்லை. மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 3 பேர் 2008-இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி விடுவிக்கப்பட்டனர். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி 13 பேர் விடுவிக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. கொலையுண்டோரின் குடும்பங்கள் அதே ஊரில் வாழ்கின்றன. அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1997-இல் தொடங்கிய வழக்குக்காக இரத்தினம் மீண்டும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றார். முதலில் விடுதலை அரசாணையின் நகலையே கேட்டுப் பெற வேண்டியிருந்தது, பின்னர் அதை எதிர்த்து வழக்காட வேண்டியிருந்தது. விடுதலை தொடர்பான நடவடிக்கைகளிலும் பாதிக்கப்பட்டவர் கேட்கப்பட வேண்டும் என்று 15அ பேசுகிறது. தலைவர்களின் பிறந்தநாள் நூற்றாண்டுகளை ஒட்டி அரசு வழங்கும் பொதுத் தண்டனைக் குறைப்பை அது எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதே அடுத்த தலைமுறை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் எடுத்துச் சென்று தீர்க்க வேண்டிய வினா.

சட்டம் பயிலாத மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இதில் இடம் உண்டா என்று கேட்கலாம். 15அ-வின் 12-ஆம் உட்பிரிவு, தன்னார்வ அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. புகாரின் நகலையும் மருத்துவமனைப் பதிவின் நகலையும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குவது, சாதிச் சான்றிதழை இணைத்துவிட்டார்களா என்று பார்ப்பது, எதிர்வழக்கு பதியப்பட்டிருக்கிறதா என்று விசாரிப்பது, பிணை மனு எந்த நாளில் வருகிறது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்வது, சாட்சி சொல்லச் செல்பவருடன் நீதிமன்றம் வரை உடன் போவது, காணொளிப் பதிவு வேண்டும் என்று மனுக் கொடுக்க நினைவூட்டுவது ஆகிய எதற்கும் கறுப்பு அங்கி தேவையில்லை.